ஒரு கைப்பிடி என்பது எத்தனை கிராம்? – வாழைத்தோல் கரைசல் குறிப்புகளை வாசித்தல்

தென்னூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு எலுமிச்சை இருந்தது. பொன்மலை பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அப்பா வைத்தது. நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, ஸ்ரீரங்கத்து உறவினர் தோட்டத்தில் இருந்து மண் கொண்டுவந்து நிரப்பினார். அப்பா போன பிறகும் அது காய்த்தது. அம்மா அந்தக் காயில்தான் ஊறுகாய் போடுவாள்.

போன மே மாதம் அது பட்டுப்போனது.

அதற்குப் பத்து நாள் முன்னால் அம்மா ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். செடிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அம்மாவின் போனில் யாரோ அனுப்பிய குறிப்பு ஒன்று இருந்தது. மூன்று வாழைப்பழத் தோல், ஒரு கைப்பிடி வெல்லம், ஒரு சொம்பு தண்ணீர், மூன்று நாள் ஊறவிட்டு ஊற்றினால் காய்த்துக் குலுங்கும் என்று. செய்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினேன். அம்மா திரும்பி வந்தபோது இலைகள் சுருண்டு கொட்டத் தொடங்கியிருந்தன. "என்னடா ஊத்துன?" என்று கேட்டாள். சொன்னேன். "நான் அதைக் கறிவேப்பிலைக்கு ஒரு டம்ளர்தானேடா ஊத்துவேன்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பதிவு அந்தக் குறிப்பைப் பற்றியது. அதாவது, செடி கொடி, காய்கறிக் கழிவு கொண்டு வீட்டிலேயே தயாரிக்கும் திரவ உரங்களுக்கு எழுதப்படும் செய்முறைகளை ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பது. அவை வேலை செய்யுமா என்பது இரண்டாவது கேள்வி. அவை எப்படி எழுதப்பட்டிருக்கின்றன, எதைச் சொல்கின்றன, எதை விடுகின்றன என்பதுதான் முதல் கேள்வி. இருபது வருடமாக மற்றவர்கள் எழுதிய ஸ்பெக்கைப் படித்து கோட் எழுதுகிறவன் நான். ஒரு ஸ்பெக்கில் என்ன இல்லை என்று பார்ப்பது பழகிப்போன வேலை.

கைப்பிடி, சொம்பு, சில நாள்

முதலில் அளவு. வீட்டில் சோதித்துப் பார்த்தோம். நானும் அம்மாவும் என் மகளும் ஆளுக்கு ஒரு கைப்பிடி நாட்டுச் சர்க்கரை அள்ளி சமையலறைத் தராசில் போட்டோம். என்னுடையது 62 கிராம். அம்மாவுடையது 41. மகளுடையது 23. ஒரே வீடு, ஒரே டப்பா, கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். சொம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, எத்தனை மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுவது? நான் பார்த்த குறிப்புகளில் பாதிக்கு மேல் இது இல்லை. எந்தச் செடிக்கு, எவ்வளவு பெரிய தொட்டிக்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை? இல்லை. எந்த வாசனை வந்தால் கொட்டிவிட வேண்டும்? இல்லை. மார்கழியில் மூன்று நாள் ஊறுவதும் அக்னி நட்சத்திரத்தில் திருச்சி மொட்டைமாடியில் மூன்று நாள் ஊறுவதும் ஒன்றா? அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இதெல்லாம் கைப்பக்குவம், தராசு வெச்சா சமைக்கிறோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சமையலில் உப்பு கூடினால் நாக்கு உடனே சொல்லிவிடும். செடி பத்து நாள் கழித்துத்தான் சொல்லும், அதுவும் இலையைக் கொட்டித்தான் சொல்லும். அம்மாவின் கையில் அந்தக் குறிப்பு ஒழுங்காக வேலை செய்தது. காரணம், அதில் எழுதாததை எல்லாம் அவள் தன் பழக்கத்தில் இருந்து நிரப்பிக்கொண்டாள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குறிப்பு யாருக்காக எழுதப்படுகிறது? தெரிந்தவருக்கு அது தேவையில்லை. தெரியாதவருக்கு அது போதவில்லை.

வராகமிகிரர் சொன்னார், சுரபாலர் விட்டார்

இந்த வகைக் குறிப்புகளின் தொடக்கத்தில் தவறாமல் வரும் ஒரு வரி, இது நம் முன்னோர் வழி என்பது. கொஞ்சம் படித்தவர்கள் எழுதினால் 'விருக்ஷாயுர்வேதம்' என்ற பெயரும் 'குணபஜலம்' என்ற பெயரும் வரும். சரி, அதையே எடுத்துப் பார்ப்போம்.

சுரபாலரின் விருக்ஷாயுர்வேதம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது என்று கணிக்கப்படும் சம்ஸ்கிருத நூல். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்த சுவடியின் பிரதியை ஒய்.எல். நேனே வரவழைத்தார். நளினி சாதலே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். செகந்திராபாத்தின் ஏசியன் அக்ரி-ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 1996இல் வெளியிட்டது. இன்று குணபஜலம் பற்றி நடக்கும் பேச்சில் பெரும்பகுதி இந்த ஒரு வெளியீட்டில் இருந்து கிளம்பியது.

அந்த நூலில் உள்ள குணபஜலம் செடியில் இருந்து செய்வது அல்ல. விலங்குகளின் மாமிசம், கொழுப்பு, மஜ்ஜை இவற்றை வேகவைத்து, பானையில் போட்டு, பால், எள்ளுப் பிண்ணாக்கு, உளுந்து, தேன், நெய், வெந்நீர் எல்லாம் சேர்த்து, சூடான இடத்தில் இரண்டு வாரம் வைப்பது. இன்று மாமிசத்தை எடுத்துவிட்டு இலைதழையும் முளைகட்டிய உளுந்தும் போட்டுச் 'சைவ' குணபஜலம் செய்கிறார்கள். செய்யட்டும், தவறில்லை. ஆனால் முக்கியமான மூலப்பொருளை மாற்றிவிட்டு, ஆயிரம் வருட அனுபவம் என்ற சான்றிதழை மட்டும் அப்படியே ஒட்டிக்கொள்வது சரியில்லை. லைப்ரரியை மாற்றிவிட்டு பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டுகிற மாதிரி அது.

எனக்கு இன்னும் சுவாரசியமாகப் பட்டது வேறு. சுரபாலர் அந்தப் பொருள்களைச் சொல்லிவிட்டு, இவற்றுக்கு இவ்வளவுதான் என்று அளவு நிர்ணயிக்கத் தேவையில்லை என்ற கருத்தையும் சொல்லிவிடுகிறார். ஆனால் அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்னால், ஆறாம் நூற்றாண்டில், வராகமிகிரர் பிருஹத் சம்ஹிதையின் மர வைத்திய அத்தியாயத்தில் அளவு சொல்லியிருக்கிறார். ஆட்டுச் சாணப் பொடி இரண்டு ஆடகம், எள் ஒரு ஆடகம், மாவு ஒரு பிரஸ்தம், மாமிசம் ஒரு துலாம், தண்ணீர் ஒரு துரோணம், ஏழு இரவு. பிரஸ்தம், ஆடகம், துரோணம் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று நான்கு மடங்காக ஏறுகிற முகத்தல் அளவைகள். அதனால் ஊருக்கு ஊர் படி மாறினாலும் அந்த மூன்றுக்குள் விகிதம் மாறாது. அழகான ஸ்பெக்.

அளவில்லாமல் எழுதியதற்காக நான் சுரபாலரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுதியது நிலத்தில் நிற்கும் மரங்களுக்கு. நிலத்து மண் பெரிய தாங்கி. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது உறிஞ்சி, பரப்பி, மழையில் கழுவிச் சமாளித்துவிடும். அரை டிரம் மண்ணுக்கு அந்தச் சக்தி கிடையாது. ஊற்றியது எல்லாம் அங்கேயேதான் நிற்கும். நிலத்துக்கு எழுதிய தாராளத்தைத் தொட்டிக்குக் கொண்டுவந்ததுதான் இன்றைய குறிப்புகளின் பிழை.

ஆனால் 'முன்னோர் வழி' என்று சொல்லப்படுவதில் பாதி நம் முன்னோர் வழியே இல்லை. பழத்தையும் இலைக்கொழுந்தையும் வெல்லத்தோடு சேர்த்து நொதிக்கவைப்பதும், மீனையும் வெல்லத்தையும் சேர்த்து வைக்கும் மீன் அமிலமும், கொரியாவின் சோ ஹான்-கியூ பரப்பிய இயற்கை வேளாண்மை முறையில் முக்கியமானவை. ஈ.எம். கரைசல் 1980களில் ஜப்பானின் ஒகினாவாவில் தெருவோ ஹிகா கொண்டுவந்தது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மிளகாயே வெளியில் இருந்து வந்ததுதான். ஆனால் மூலத்தை மறந்ததால் ஒரு நஷ்டம் உண்டு. கொரிய முறையில் அந்தச் சாறை 500 மடங்கு, 1000 மடங்கு நீர்த்துத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். வெல்லம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது, 500 வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. என் எலுமிச்சைக்கு நான் ஊற்றியது நீர்க்காதது.

காவிரிக் கரையில் நம் தாத்தா பாட்டிகள் நிஜமாகச் செய்தது என்ன? வயலில் கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். வேம்பு, புங்கன், எருக்கு, ஆவாரை என்று தழை வெட்டி வந்து சேற்றில் மிதித்தார்கள். குளத்து வண்டல் அடித்தார்கள். வீட்டில் அரிசி களைந்த தண்ணீரை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விட்டார்கள். எல்லாமே தாவரம்தான். ஆனால் பாட்டிலில் அடைத்தது எதுவும் இல்லை. செடியையே மண்ணில் சேர்த்தார்கள்.

தோலில் என்ன இருக்கிறது?

"அப்போ வாழைத்தோல் தண்ணி சும்மாவா?" சும்மா இல்லை. எளிதாகக் கேலி செய்து ஒதுக்குகிறவர்களும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்ப்போம்.

மூன்று பூவன் பழத் தோல் எங்கள் தராசில் 60 கிராம். அதில் பெரும்பகுதி தண்ணீர். காயவைத்தால் ஏழு கிராம் அளவில் மிஞ்சும். காய்ந்த தோலில் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், சுமார் 5 முதல் 8 சதவீதம். ரகத்துக்கு ரகம் மாறும். நடுவில் வைத்தால் மூன்று தோலில் ஏறத்தாழ 400 மில்லிகிராம். பொட்டாசியம் செடியின் உடலோடு இறுகிப் பிணைந்து கிடப்பதில்லை. செல்லுக்குள் உப்பாகக் கரைந்தே இருக்கும். செல் செத்தால் தண்ணீரில் இறங்கிவிடும். ஆக ஊறவைத்தால் பொட்டாசியம் வருவது உண்மைதான்.

400 மில்லிகிராம் ஒரு லிட்டரில் என்றால் அது அதிகமா, குறைவா? ஒப்பிட ஒரு அளவுகோல் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹோக்லாண்டும் ஆர்னனும் 1938இல் வெளியிட்ட ஊட்டக் கரைசலை, மண்ணே இல்லாமல் செடி வளர்ப்பவர்கள் இன்றும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு லிட்டருக்குப் பொட்டாசியம் சுமார் 235 மில்லிகிராம். அப்படிப் பார்த்தால் நம் தோல் தண்ணீரில் பொட்டாசியம் போதுமான அளவு, கொஞ்சம் கூடவே இருக்கலாம்.

தழைச்சத்து கதை வேறு. ஹோக்லாண்ட் கரைசலில் நைட்ரஜன் லிட்டருக்கு 210 மில்லிகிராம். வாழைத்தோலில் மொத்தமே மிகக் குறைவு, அதுவும் புரதத்தில் கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர் அதைத் தின்று உடைத்தால்தான் வெளிவரும். மூன்று நாளில் வராது. அதோடு வெல்லம் போட்டால் நிலைமை தலைகீழ். சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களுக்கே நைட்ரஜன் வேண்டும். அவை மண்ணில் இருப்பதையும் எடுத்துக்கொள்ளும். கூடவே வேர்ப்பகுதியில் உள்ள ஆக்சிஜனையும் குடித்துவிடும். வெயிலில் சுடுகிற டிரம்மில், வடிகால் சரியில்லாத ஈர மண்ணில், இது வேருக்கு மூச்சுமுட்டல்.

இந்த ஒரு பத்தி எந்தக் குறிப்பிலும் இருந்தால் போதும். "இது சாம்பல்சத்துக்கு மட்டும். இலை பச்சையாக வேண்டுமானால் வேறு பாருங்கள்." வேறு என்றால் கடலைப் பிண்ணாக்கு. அதில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் தழைச்சத்து. மூன்று கிராம் பிண்ணாக்கில் ஏறத்தாழ 200 மில்லிகிராம். மூன்று கிராம்தான். நாம் ஒரு குத்து அள்ளிப் போடுகிறோம்.

மாடியில் இருந்து தோட்டத்துக்கு

இது வரைக்கும் என் ஒரு எலுமிச்சையோடு முடிகிற விஷயம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தொட்டியம் பக்கம் வாழை போட்டிருக்கிறார். எலுமிச்சை பட்ட அதே மாதம் போனில் கேட்டார். "மாப்ள, பொட்டாஷ் மூட்டை வாங்கிக் கட்டுப்படியாகல. தோலைக் கரைச்சு ஊத்துனா போதும்னு வீடியோல சொல்றானுவோ. நீ படிச்சவன், பாத்து சொல்லு."

கேள்வி விளையாட்டில்லை. இந்தியாவுக்குப் பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. 2022இல் ரஷ்யா–உக்ரைன் போர் வந்ததும், ரஷ்யாவில் இருந்தும் பெலாரஸில் இருந்தும் வரவேண்டியது சிக்கியதும், விலை எப்படி ஏறியது என்று வாழை விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வார். வாழையோ பொட்டாஷ் தின்னும் பயிர். தோட்டக்கால் வாழைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, மரம் ஒன்றுக்குத் தழை 110, மணி 35, சாம்பல் 330 கிராம்.

அதே கணக்கைத் தொடர்ந்து போட்டேன். 330 கிராம் என்பது ஆக்சைடு கணக்கு. பொட்டாசியமாக மாற்றினால் சுமார் 274 கிராம். மூன்று தோலுக்கு 0.4 கிராம் என்றால், ஒரு மரத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் தோல் வேண்டும். ஒரு தாரில் இருநூறு காய் என்று தாராளமாக வைத்தாலும் பத்துத் தார். ஒரு மரம் விடுவதோ ஒரே தார். பத்து மரத்துத் தாரின் தோலைக் கரைத்து ஒரு மரத்துக்கு ஊற்ற வேண்டும். காந்தி மார்க்கெட் மண்டியையே குத்தகைக்கு எடுத்தாலும் கட்டாது.

"மாமா, தோலை விடுங்க. தார் வெட்டினதும் மரத்தை என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். வெட்டி வரப்போரம், வாய்க்கால் ஓரம் தள்ளுகிறார். மரம் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பங்கு அந்தத் தண்டிலும் இலையிலும்தான் நிற்கிறது. குஜராத்தின் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் வாழைத் தண்டைப் பிழிந்த சாற்றில் இருந்துதான் 'நோவல்' என்ற திரவ உரத்தை உருவாக்கியது. நம் ஊரிலேயே, தாயனூரில், தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் இருந்து இருக்கிறது. நேரில் போய் மண் பரிசோதனையோடு கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அதற்கு முன்னால் செய்யக்கூடியது, தண்டைத் துண்டு போட்டு அந்த நிலத்திலேயே பரப்புவது. இதற்குப் பாட்டில், வெல்லம், மூடி எதுவும் வேண்டாம். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஆள் கூலி?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாடித்தோட்டக் குறிப்பு, எந்த அளவுத் தோட்டத்துக்கு என்று சொல்லாததால், வயலுக்குப் போய்விடுகிறது. என் வீட்டில் அது ஒரு எலுமிச்சையைத் தின்றது. அங்கே ஒரு வருட வருமானத்தைத் தின்னும்.

அளவு சொன்னவர்கள்

இயற்கை வேளாண்மை பேசுகிறவர்கள் எல்லோரும் அளவில்லாமல் பேசுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சாணம் சேர்ந்தது, செடிக் கரைசல் இல்லை. ஆனால் ஒரு குறிப்பு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம். இத்தனை கிலோ, இத்தனை லிட்டர், பூவன் பழம் 12, இத்தனை நாள், காலையும் மாலையும் கலக்கு, தெளிப்பதற்கு 3 சதவீதம். இந்த எண்கள் இருந்ததால்தான் வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள் அதை வயலில் வைத்துச் சோதிக்க முடிந்தது. ஆதரித்தவர்களும் மறுத்தவர்களும் ஒரே பொருளைப் பற்றிப் பேசினார்கள்.

முருங்கை இலைச் சாறும் அப்படியே. நிகராகுவாவில் நிகோலஸ் ஃபோய்ட்ல் குழு அதைப் பயிர்களில் தெளித்துப் பார்த்தது. பிறகு பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகம் தொடர்ந்து ஆராய்ந்தது. அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது 30 மடங்கு நீர்த்த சாறு. அந்த '30' இருப்பதால் தென்னூரில் உட்கார்ந்து நானும் அதையே திரும்பச் செய்யலாம். நம் வீட்டு முருங்கையைப் பற்றிய எண் நிகராகுவாவிலும் ஃபைசலாபாத்திலும் இருந்து வரவேண்டியிருக்கிறது என்பது தனி வருத்தம்.

நம்மாழ்வாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை விட்டுவிட்டு வந்தவர். கடவூர் வானகத்தில் அவர் கற்றுக்கொடுத்ததில் கரைசல்கள் உண்டு. ஆனால் மூடாக்கு, பலபயிர், விவசாயி கடனில் மாட்டாமல் தன் இடுபொருளைத் தானே செய்துகொள்வது ஆகியவைதான் மையம். அவர் 2013இல் மறைந்த பிறகு வந்த மாடித்தோட்ட அலையில் மூடாக்கு பின்னுக்குப் போனது, பாட்டில் முன்னுக்கு வந்தது. பாட்டில் படத்தில் நன்றாகத் தெரிகிறது. மூடாக்கு குப்பை மாதிரி தெரிகிறது.

குறிப்புகள் விட்டுவிடும் இன்னொன்று கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பிடிக்க ஆராய்ச்சியாளர்கள் பொறி வைக்கும்போது அதில் என்ன ஊற்றுகிறார்கள் தெரியுமா? வைக்கோல் ஊறிய தண்ணீர். வெறும் தண்ணீரைவிட அதில்தான் முட்டையிட அதிகம் வருகிறது. நாம் மாடியில் திறந்த வாளியில் இலைதழையை ஊறவைப்பது ஏறக்குறைய அதே பொறி, ஆனால் பிடிப்பதற்குப் பதில் வளர்க்கிறோம். "வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டவும்" என்ற நான்கைந்து சொல்லுக்குக் குறிப்பில் இடமில்லாமல் போனது ஏன்?

ஊற்றாத செடி

எல்லாவற்றையும்விடப் பெரிய விடுபடல் இனிமேல்தான். எந்தக் குறிப்பும், "ஒரு செடிக்கு ஊற்றாமல் விடுங்கள்" என்று சொல்வதில்லை.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் பிராட்பாக் என்ற வயலில் 1843இல் இருந்து கோதுமை பயிராகிறது. அதில் ஒரு பட்டைக்கு அன்று முதல் எந்த உரமும் இல்லை. ரொம்ப தூரம் போக வேண்டாம். கோயம்புத்தூரில், இன்றைய தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில், 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது. அங்கேயும் ஒன்றும் போடாத பாத்தி உண்டு. நூறு வருடத்துக்கு மேல் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தப் பாத்திக்கு ஒன்றுமே போடாமல் காத்திருக்கிறார்கள். அது இருப்பதால்தான் மற்றப் பாத்திகளைப் பற்றிப் பேச முடிகிறது.

இதற்குப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்பதில்லை. 1954இல் லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் இங்கிலாந்தின் எசெக்ஸில் பாக்கிங் என்ற ஊரில் ஒரு சங்கம் தொடங்கினார், ஹென்றி டபுள்டே ஆராய்ச்சி சங்கம் என்று. காம்ஃப்ரே என்ற செடியின் இலையை ஊறவைத்துச் சாம்பல்சத்து உரம் எடுப்பது அவருடைய ஈடுபாடு. நம் வாழைத்தோல் மாதிரி. அவர் ரகங்களைத் தனித்தனியாக எண் போட்டு ஒப்பிட்டார். 'பாக்கிங் 14' இன்றும் விற்கிறது. அதைவிட முக்கியம், சங்கத்து உறுப்பினர்களான சாதாரண வீட்டுத் தோட்டக்காரர்களைச் சோதனைகளில் பங்குபெறவைத்தார். நம்மிடம் இன்று ஹில்ஸிடம் இல்லாத அளவு மாடித்தோட்டக் குழுக்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் படம் பரிமாறுகிறோம். "ஊற்றியது இது, ஊற்றாதது இது" என்று இரண்டு தொட்டியைப் பக்கத்தில் வைத்த படத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

நான் செய்து பார்த்தேன். ஆவணியில் பன்னிரண்டு தொட்டியில் அரைக்கீரை. ஒரே மண், ஒரே விதை. எந்தத் தொட்டிக்கு எது என்று மகள் காசு சுண்டி முடிவு செய்தாள். பாதிக்கு வெறும் தண்ணீர், பாதிக்கு நீர்த்த தோல் தண்ணீர். வெல்லம் கிடையாது. அறுத்து எடை போட்டபோது கண்டது இதுதான்: தோல் தண்ணீர் தொட்டிகளுக்கும் வெறும் தண்ணீர் தொட்டிகளுக்கும் இருந்த வித்தியாசத்தைவிட, வெறும் தண்ணீர் தொட்டிகளுக்குள்ளேயே இருந்த வித்தியாசம் பெரிது. கைப்பிடிச் சுவர் நிழல் விழுந்த தொட்டி எல்லாவற்றையும் மிஞ்சியது. தோல் தண்ணீரால் பயனில்லை என்று இது காட்டாது. கீரைக்கு வேண்டியது தழைச்சத்து, நான் கொடுத்தது சாம்பல்சத்து. பன்னிரண்டு தொட்டி போதவும் போதாது. ஆனால் ஒன்று தெரிந்தது. ஒரே ஒரு தொட்டியில் ஊற்றி, அது நிழல் தொட்டியாக இருந்திருந்தால், நானும் "காய்த்துக் குலுங்கும்" என்று எழுதியிருப்பேன்.

இந்த இடத்தில் என் எலுமிச்சைக்குத் திரும்ப வேண்டும். அதை அந்தக் கரைசல்தான் கொன்றது என்று இவ்வளவு நேரம் எழுதினேன். நிரூபிக்க முடியுமா? முடியாது. அது மே மாதம். அப்பாவுக்குப் பிறகு அந்த டிரம்மில் யாரும் மண் மாற்றவில்லை. அடி ஓட்டைகளை வேர் அடைத்திருந்ததைச் செடியைப் பிடுங்கியபோதுதான் பார்த்தேன். பக்கத்தில் ஊற்றாத எலுமிச்சை ஒன்று இருந்ததில்லை. என் கைப்பிடி எத்தனை கிராம் என்பதும் அப்போது தெரியாது. "ஊற்றினேன், காய்த்தது" என்று சொல்கிறவருக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறதோ, "ஊற்றினேன், செத்தது" என்று சொல்லும் எனக்கும் அவ்வளவுதான். அந்தக் குறிப்பின் மேல் எனக்குள்ள உண்மையான குறை, அது தப்பு என்பதல்ல. அது தப்பா சரியா என்று செய்து பார்த்த பிறகும் தெரிந்துகொள்ள முடியாதபடி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான்.

அதனால் அதைத் திருத்தி எழுதி அம்மாவின் போனில் போட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்:

பூவன் தோல் 60 கிராம், நறுக்கியது. தண்ணீர் 1 லிட்டர். வெல்லம் வேண்டாம். வாயைத் துணியால் கட்டி நிழலில் 2 நாள். வடிகட்டி, 1 பங்குக்கு 3 பங்கு தண்ணீர் சேர்த்து, பத்து லிட்டர் தொட்டிக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, வாரம் ஒரு முறை. சாம்பல்சத்துக்கு மட்டும். சக்கையை மண்ணில் புதைக்கவும். அழுகின முட்டை வாடை வந்தால் செடிக்கு ஊற்ற வேண்டாம். அதே மாதிரித் தொட்டி ஒன்றுக்கு ஊற்றாமல் விட்டு, தேதி போட்டு எழுதி வைக்கவும்.

இதிலும் 3 பங்கு, ஒரு டம்ளர் என்பதெல்லாம் நான் கணக்குப் போட்டு எச்சரிக்கையாக வைத்த ஆரம்ப எண்கள்தான். ஆனால் எண் இருப்பதால், தப்பென்றால் எது தப்பு என்று நீங்கள் எனக்குச் சொல்ல முடியும்.

அம்மா படித்துவிட்டு, "இதுல பாதி எனக்குத் தெரியும்டா" என்றாள். பிறகு, "ஊத்தாம விடணும்னு போட்டிருக்கியே, எந்தச் செடியை விடறது?" என்று கேட்டாள். எந்தச் செடியையும் விட அவளுக்கு மனசில்லை. கடைசியில் போன வாரம் இரண்டு எலுமிச்சைக் கன்று வாங்கி வந்தோம், ஒரே உயரத்தில். காசு சுண்டியாகிவிட்டது. எது தண்ணீர்க் கன்று என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ராத்திரி எழுந்து போய் அதற்கும் ஒரு டம்ளர் ஊற்றிவிடுவாள்.